என் நாத்தனார் பார்த்து எடுத்த இன்ஜின்

வீட்டைப் பூட்டினால் என் நாத்தனார் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். நாலு எட்டு நடந்த பிறகு திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பாள். கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். குப்பத்தில் எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடுகிறார்கள். நான் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அண்ணி, வாங்க, தண்ணி வருது" என்று கத்துகிறேன். அவள் வாசலில் நின்று பூட்டை இழுக்கிறாள்.

"இரும்மா. எவனாவது கிளப்பி விட்டிருப்பான். எல்லாரும் ஓடினதும் வூடு பூந்து எடுக்கறதுக்கு."

அவள் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். மறுநாள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது முன்கதவு நின்றுகொண்டிருந்தது. பூட்டு அப்படியே தொங்கியது. பின்பக்கச் சுவரும் கூரையும்தான் இல்லை. அப்போதும் அவள் முதலில் பூட்டைத்தான் தொட்டுப் பார்த்தாள். "யாரும் கை வைக்கல" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா அவள். நான் அந்த வீட்டுக்கு வாழப் போன முதல் வாரமே என் எதிரில் உட்கார்ந்து என் வயசைக் கேட்டாள். சொன்னேன். அன்றைக்கே என்னைப் பார்க்க வந்திருந்த என் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அக்காவுக்கு இன்னா வயசு?" என்று அவனிடமும் கேட்டிருக்கிறாள். இரண்டும் ஒன்றாக இருந்ததில் அவளுக்குச் சந்தேகம் கூடிப்போனது. "ரெண்டு பேரும் பேசி வெச்சிகினு வந்திருக்காங்க" என்று தன் தம்பியிடம் சொன்னாளாம். அவர் அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடையில் தீப்பெட்டி வாங்கினால் அங்கேயே ஒரு குச்சியைக் கிழித்துப் பார்ப்பாள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் கேட்டதோடு விடாமல் பக்கத்து சீட்டுக்காரரிடமும் ஒரு முறை "இது மரக்காணம் போறதுதானே?" என்பாள். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தால் அதே மாத்திரையை வேறு யாராவது வாங்குகிறார்களா என்று வரிசை ஓரத்தில் நின்று பார்ப்பாள். நான் குழம்பு வைத்தால் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் அவள் தட்டு எடுப்பாள். முதலில் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவில் மீன் கூடை தூக்காமல் உப்பளத்துக்குப் போன ஒரே பெண் அவள்தான். கரையில் மீன் ஏலம் விடுகிறவர் வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுக்கிறார், புரியாத பேச்சை நம்பி மீன் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு மரக்காணத்து அளத்துக்கு நடந்தாள். இருபது வருஷம் பாத்தியில் நின்றவள். "தண்ணி வத்தினா உப்பு. வத்தலன்னா தண்ணி. அதுல எவனும் பொய் சொல்ல முடியாது" என்பாள். அவள் முழுசாக நம்பியது அந்த ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன்.

இப்படி இருக்கிறவளுக்கு வாழ்க்கையில் ஏதோ பெரிய ஏமாற்றம் நடந்திருக்க வேண்டும் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் என் மாமியாரிடம் கேட்டபோது அவர் வெற்றிலையை மென்றபடி சொன்னார்: "ஒண்ணும் நடக்கல. அவ பொறந்ததே அப்படித்தான். பால் குடிக்கும்போதே என் மூஞ்சியை ஒரு மாதிரி பாப்பா."

வீட்டுக்குள் இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். ஆனால் எங்கள் போட்டில் பாதி அவளுடையது. காய்ச்சலில் இறந்துபோன அவள் புருஷனும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து வாங்கிய பைபர் போட் அது. அவள் தலையசைக்காமல் அந்த போட்டுக்கு ஒரு கயிறுகூட மாற்ற முடியாது. கடல் வந்து போன பிறகு மாற்ற வேண்டியிருந்தது கயிறு இல்லை, இன்ஜின்.

போட்டைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போய் சவுக்குத் தோப்பில் போட்டிருந்தது. பத்து வருஷத்து போட். அடியில் கிழிந்திருந்ததை ஒட்டிச் சரி பண்ணிவிட்டோம். இன்ஜின் சேற்றுக்குள் கிடந்தது. கழுவி, பிரித்து மாட்டி, எப்படியோ ஓட வைத்தார்கள். நாலு மாசம் ஓடியது. அப்புறம் நினைத்த இடத்தில் நிற்க ஆரம்பித்தது. ஒருநாள் கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நின்றுவிட்டது. பகல் முழுக்க என் வீட்டுக்காரரும் கூட வந்த இரண்டு பேரும் காற்று போன பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வேறொரு போட் கயிறு கட்டி இழுத்து வந்தது. கரையில் இறங்கியவர் முகத்தைப் பார்த்து நான் எதுவும் கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள்: "இழுத்துகினு வந்தவன் எந்த ஊரு? அவனுக்கு அந்தப் பக்கம் இன்னா வேலை?"

அந்தச் சமயத்தில் நிவாரணம் கொடுக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நாலு குடும்பம் சேர்ந்து குழுவாகக் கையெழுத்துப் போட்டால் புது இன்ஜின் தருவதாக ஒரு கூட்டத்தார் சொன்னார்கள். எங்கள் தெருவில் எல்லோரும் போட்டார்கள். இவள் மட்டும் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கீழ ஏன் இவ்ளோ இடம் காலியா இருக்குது?"

"அது சும்மாம்மா, ஆபீஸ்ல பூர்த்தி பண்ணிப்பாங்க" என்றான் வந்த பையன், தோளில் பை மாட்டிய படித்த பையன்.

"பூர்த்தி பண்ணிட்டு எடுத்துகினு வா. படிச்சுக் காட்டச் சொல்லிப் போடறேன்."

அவன் திரும்பி வரவில்லை. கையெழுத்துப் போட்டவர்களுக்கெல்லாம் இன்ஜின் வந்தது. நல்ல இன்ஜின்தான். இரண்டு வருஷம் கழித்தும் ஓடிக்கொண்டிருந்தது. காலி இடத்தில் யாரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. அவள் சந்தேகத்தால் எங்கள் ஒரு போட் மட்டும் கரையில் கவிழ்ந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் மற்றவர்கள் போட்டில் கூலியாகப் போனார். சொந்த போட் வைத்திருந்தவர் அடுத்தவன் போட்டில் வலை இழுக்கப் போவது எப்படி இருக்கும் என்று அவர் சொல்லவில்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே இருப்பார்.

நான்தான் என் தம்பியிடம் சொன்னேன். அவன் குயிலாப்பாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். ஒரு மாசத்தில் சேதி அனுப்பினான். அவன் ஓனரிடம் எட்டு எச்.பி. டீசல் இன்ஜின் ஒன்று வந்திருக்கிறது. வெள்ளைக்காரர் ஒருவர் ஆசைக்கு போட் வாங்கி, இரண்டு தடவை ஓட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். புதுசு மாதிரி இருக்கிறது.

அவள் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டு தடவை ஓட்டினதை யார் பக்கத்துல இருந்து பாத்தது?"

ஆனாலும் வந்து பார்க்கிறேன் என்றாள். பார்க்கப் போவதற்கு முந்தைய நாள் என் தம்பி எங்கள் ஊருக்கு வந்தான். என்னைப் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனான். அங்கே யாரும் இல்லை. அப்படியும் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அக்கா, உன்கிட்ட மட்டும் சொல்றேன். வெள்ளைக்காரன் எல்லாம் கிடையாது. அது சுனாமித் தண்ணியில முழுகின இன்ஜின்தான். ஆனா நானே என் கையால முழுசா பிரிச்சு, கழுவி, ரிங்கு எல்லாம் மாத்தியிருக்கேன். ஓடும்க்கா. ஓனரு சொல்ல வேணாம்னுட்டாரு. சொன்னா என் வேலை போயிடும்."

"நிச்சயமா ஓடுமாடா?"

"ஓடும்னுதான் நினைக்கிறேன்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. தம்பி வேலைக்காக என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அது மட்டுமில்லை. அவள் கேள்விகளால் எனக்குச் சலித்துப்போயிருந்தது. ஒரு முறையாவது அவள் ஏமாறட்டும் என்று இருந்தது. ஏமாந்தால் நடுக்கடலில் நிற்கப் போவது என் புருஷன் என்பது அந்த நேரத்தில் என் புத்தியில் ஏறவில்லை. ஏறியிருந்தும் தள்ளிவிட்டேனோ என்னவோ.

மறுநாள் அவள், என் வீட்டுக்காரர், நான் மூன்று பேரும் பஸ் ஏறினோம். இன்ஜினைப் பெரிய முதலியார்சாவடியில் ரோட்டோரம் ஒரு கொட்டகையில் வைத்திருந்தார்கள். பச்சைப் பெயிண்ட் பளபளத்தது. ஓனர் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவள் டீயைக் கையில் வாங்கி, குடிக்காமல் ஓரமாக வைத்தாள். என் தம்பி கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பு இழுத்தான். இன்ஜின் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனையோ நாள் கழித்து அந்த முகத்தைப் பார்த்தேன்.

"அக்கா, சத்தத்தைக் கேளு. எவ்ளோ சீரா இருக்குது பாரு" என்றார்.

"நிறுத்தச் சொல்லு" என்றாள் அவள். "நான் சத்தம் கேக்க வரல."

நிறுத்தினார்கள். அவள் இன்ஜினைச் சுற்றி வந்தாள். கண்ணைக் கிட்டத்தில் வைத்து ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். பக்கவாட்டில் காற்று போவதற்காக மாட்டியிருந்த தகர மூடியை விரலால் தட்டினாள்.

"இதைக் கழட்டு."

ஓனர் சிரித்தார். "அதுல பாக்க ஒண்ணும் இல்லம்மா. கழட்டினா செட்டிங் போயிடும்."

"போனா போவுது. உன் ஆளு நிக்கறான் இல்ல, திரும்ப மாட்டிடுவான்."

தம்பி ஓனரைப் பார்த்தான். பிறகு ஸ்பேனரை எடுத்தான். அவன் கை மெதுவாகப் போனது. ஒவ்வொரு போல்ட்டையும் எடுத்துத் துணியில் வைத்தான். மூடி வந்தது. அவள் அதை வாங்கி வெயிலில் கொண்டுபோய் உட்பக்கத்தைத் திருப்பிப் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். 

"தம்பி, இங்க வா" என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "இந்தக் கோடு தெரியுதா?"

தகரத்தின் உட்பக்கம், முக்கால் உயரத்தில், பென்சிலால் இழுத்தது போல மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது.

"கடல்ல ஓடற இன்ஜின் எல்லாத்துலயும் உப்பு பட்டிருக்கும்மா" என்றார் ஓனர். அவர் இப்போது சிரிக்கவில்லை.

"தெறிச்ச உப்பு புள்ளிபுள்ளியா இருக்கும். இப்படி ஒரே மட்டத்துல நிக்காது. இது தண்ணி நின்னு வத்தின கோடு. இருபது வருஷமா பாத்தி ஓரத்துல இதைத்தான் பாத்துகினு இருக்கேன். இந்த இன்ஜின் முழுகிக் கிடந்திருக்குது. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, நல்லா ஊறியிருக்குது."

 ரோட்டில் லாரி ஒன்று போனது. அவள் மூடியைத் துணி மேல் வைத்துவிட்டு என் தம்பி பக்கம் திரும்பினாள்.

"இன்னாப்பா, நீ இதோட உள்ள பிரிச்சுப் பாத்தியா?"

"இல்லக்கா" என்றான் தம்பி. "நானும் வெளியிலதான் பாத்தேன்."

அவள் அவனைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "சரி, வாங்க போலாம்" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். கண்ணை மூடியிருந்தாள். அவள் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். எந்த நிமிஷமும் கண்ணைத் திறந்து கேட்பாள் என்று காத்திருந்தேன். மரக்காணம் வந்தது, இறங்கினோம். அவள் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. தீப்பெட்டியைக்கூடச் சந்தேகப்படுகிறவள் என்னை மட்டும் ஏன் கேட்காமல் விட்டாள்? அன்றிலிருந்து நான் அவளைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். அவள் என் மாமியாரிடம் குரல் தாழ்த்திப் பேசினால் நின்று கேட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு வேளை பேசாமல் சாப்பிட்டால், இவள் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். நான் வைத்த குழம்பை அவள் எப்போது எடுத்துச் சாப்பிடுகிறாள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பச்சை இன்ஜினை வேறு குப்பத்துக்காரர் ஒருவர் வாங்கிப் போனார். கார்த்திகை மாசத்துக் காற்றில் அது கடலில் நின்றுவிட்டது. இரண்டு பேர் ஒன்றரை நாள் அலைந்து, தெற்கே எங்கேயோ தெரியாத ஊர்க் கரையில் ஏறினார்கள். உயிர் இருந்தது, அவ்வளவுதான். என் தம்பி வந்து வாசலில் உட்கார்ந்து இதைச் சொன்னான். ஒர்க்‌ஷாப் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான். "நான்தான்க்கா மாட்டினேன், நான்தான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். நான் உள்ளே போய் மகள் தலையை வாரிவிட்டேன். வாரிய தலையையே மறுபடியும் அவிழ்த்து வாரினேன்.

பொங்கலுக்கு முன்னால்தான் ஒரு பெண்ணைப் பற்றித் தெரிந்தது. பக்கத்துக் குப்பத்தில் கடல் கொண்டுபோனவர்களில் ஒருவரின் மனைவி. அதன் பிறகு கடல் சத்தமே கேட்கக் கூடாது என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிரம்மதேசத்துப் பக்கம் வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பறிக்கிற கூலி வேலை. அவளிடம் புருஷனுடைய இன்ஜின் இருக்கிறதாம், தண்ணீர் படாத இன்ஜின்.

"போட்டெல்லாம் போச்சு, ஆளே போயிட்டாரு. இன்ஜின் மட்டும் எப்படித் தண்ணி படாம தப்பிச்சுது?" என்றாள் என் நாத்தனார். அந்தக் கேள்வியோடுதான் கிளம்பினாள். நானும் என் வீட்டுக்காரரும் கூடப் போனோம்.

பின்னால் மாட்டுக் கொட்டகையில், சாக்கு சுற்றி, ஒரு பலகை மேல் இன்ஜினை வைத்திருந்தாள் அந்தப் பெண். எங்களை விடச் சின்னப் பெண். கையில் மண் ஒட்டியிருந்தது. வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். என் நாத்தனார் தன் கேள்வியை அப்படியே கேட்டாள். எனக்கு உடம்பு கூசியது.

அந்தப் பெண் உள்ளே போய் ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். "திண்டிவனத்துல சர்வீசுக்கு வுட்டிருந்தாரு. சனிக்கிழமை கொண்டு போய்க் குடுத்தாரு. ஞாயித்துக்கிழமை..." என்று நிறுத்தினாள்.

என் நாத்தனார் சீட்டை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். தேதி சரியாக இருந்தது. "சீட்டு யாரு வேணாலும் எழுதலாம்" என்றாள்.

"அண்ணி!" என்றேன்.

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எழுதலாம்க்கா. ஆனா இது அன்னிக்கு போட்ல இல்ல. அதான் கேடு. நாங்க எல்லாரும் ரோட்டுக்கு வந்துட்டோம், அவரும்தான். திடீர்னு திரும்பி ஓடினாரு. இன்ஜின், இன்ஜின்னு கத்திகினு ஓடினாராம். பாத்தவங்க சொன்னாங்க. அவுத்து எடுத்துட்டு வந்துடலாம்னு. அது போட்ல இல்லைன்னு, தான்தான் முந்தின நாள் கொண்டு போய்க் குடுத்தோம்னு, அவருக்கு ஞாபகம் இல்லக்கா."

மாடு ஒன்று தலையை ஆட்டியது. என் வீட்டுக்காரர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இனி இவள் எதையும் சோதிக்க மாட்டாள், சாக்கைச் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம் என்று நினைத்தேன்.

 என் நாத்தனார் இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். "ஸ்பேனர் குடு" என்று தன் தம்பியிடம் கையை நீட்டினாள். மூடியைக் கழற்றினார்கள். உள்ளே விரலைவிட்டுத் துழாவினாள். ஆயில் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். ஆயில் சொட்டை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தாள். டீசல் ஊற்றி ஓட்டச் சொல்லி, மத்தியானம் முழுக்க அதன் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் அவ்வளவு நேரமும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூணோரமே நின்றாள். புருஷன் போன பிறகு முதல் தடவையாக அந்தச் சத்தத்தைக் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. என் நாத்தனாரை அந்த அளவுக்கு நான் வெறுத்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வெயில் சாய்ந்தபோது எழுந்தாள். "எடுத்துக்கறோம்" என்றாள். என் வீட்டுக்காரர் பேச வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். அந்தப் பெண் சொன்ன விலைதான், பேரமே பேசவில்லை. சைக்கிளில் காய் கொண்டுவருகிறவனிடம் கொத்தமல்லிக் கட்டுக்குக் கூடப் பேரம் பேசுகிறவள். வெளியே வந்ததும் அந்தப் பெண்ணிடம் திரும்பிப் போனாள். என்ன சொன்னாள் என்று என் காதில் விழவில்லை. அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆட்டோவில் இன்ஜினைக் காலால் அணைத்தபடி உட்கார்ந்து வந்தவள் பாதி வழியில் தானாகவே பேசினாள். "பாக்காம வாங்கியிருந்தா அவ பாவத்துக்கு வாங்கினதா ஆயிடும். நாளைக்கு இவன் கடல்ல நின்னா, அவளைத்தானே திட்டுவோம்?"  அது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பழைய போட்டின் பின்பலகையைப் புதுசாக அடித்து இன்ஜினைப் பொருத்தினார்கள். வெள்ளோட்டத்தன்று போட்டைத் தள்ளும்போது அவளும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எங்கள் கரையில் பெண்கள் போட் ஏறிக் கடலுக்குப் போவதில்லை. நின்றிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "யக்கா, எறங்கு, எல்லாரும் பாக்கறாங்க" என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார்.

"பாக்கட்டும். பாதி போட் என்னுது. என் பாதியில நான் உக்காந்திருக்கேன், ஓட்டு."

அலையைத் தாண்டும்போது போட் நெட்டுக்குத்தாக எழும்பியதில் அவள் தலைப்பு காற்றில் பறந்தது தெரிந்தது. பிறகு புள்ளியாகிவிட்டார்கள். இன்ஜின் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்திருக்கிறாள். முகம் வெளுத்திருந்தது. இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். போகும்போதும் வரும்போதும் ஒரு கையை இன்ஜின் மேலேயே வைத்திருந்தாளாம். கரையில் மணலில் உட்கார்ந்து, என் கையிலிருந்த சொம்பை வாங்கி, நான் கொடுத்த தண்ணீரைப் பார்க்காமலே குடித்தாள்.

"இன்ஜின் பரவாயில்ல" என்றாள். "அந்தக் கடலைத்தான் என்னால நம்ப முடியல."

அந்த வருஷம் மீன்பிடிக்கத் தடை இருந்த நாட்களில் இன்ஜினை இறக்கிச் சர்வீஸ் பண்ண வேண்டியிருந்தது. அவள் காலையில் அளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தூக்குவாளியில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன்.

"உன் தம்பி சும்மாத்தானே இருக்கான்? வரச் சொல்லு. அவனே இன்ஜினைப் பிரிச்சு மாட்டட்டும்."

 "அவனா அண்ணி? அவன் இந்த இன்ஜினைத் தொட்டதே இல்லையே. வேற ஆளைப் பாக்கலாமே."

"ஏன்? முழுகின இன்ஜினையே முழுசா பிரிச்சு, ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆவற மாதிரி மாட்டின கைதானே அது" என்றாள்.

தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. நான்தான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

தம்பி வந்தான். கரையில் போட் நிழலில் தார்ப்பாய் விரித்து இன்ஜினைப் பிரித்தான். அவள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். அவள் அந்தப் பக்கமே வரவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உப்பளத்துப் பாதையில் போய்விட்டாள்.

நான் வெயிலில் நின்றேன். தம்பி ரிங்கைத் துடைத்தான், மாட்டினான், நட்டை முடுக்கினான். நான் அவன் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுப்பில் வைத்த உலை என்ன ஆயிற்றோ, அதைக்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

"இன்னாக்கா, என் கையையே பாத்துகினு நிக்கிற?" என்றான் அவன்.

"ஒண்ணுமில்ல" என்றேன். "இப்ப மாட்டினியே அந்த நட்டு, அதைக் கழட்டி இன்னொரு தபா மாட்டு."